பலாலியில் இறங்கினோம்!

சேக்காட்டில் பஸ் ஏறி, ஆவடி, அம்பத்தூர் நெரிசலையெல்லாம் தாண்டித் தியாகராய நகர் போய்ச் சேருவதற்குள் புடவை வாங்கும் ஆசையே போய்விடுகிறதல்லவா? கிட்டத்தட்ட அதே நேரத்தில் சென்னையிலிருந்து ஆகாய மார்க்கமாக யாழ்ப்பாணம் போய்விடலாம் என்றால் நம்புவீர்களா? போய் வந்தவள் சொல்கிறேன், நம்புங்கள்!

விசிறி சுழலும் சின்ன விமானம். கடல் முடிந்ததும் பனைமரக் கூட்டம். அதுதான் பலாலி. அடக்கமான சிறு நிலையம். மீனம்பாக்கத்தைப் போல் கால் வலிக்க நடக்க வேண்டியதில்லை.

1947-ல் ஏர் சிலோனின் முதல் விமானம் சென்னைக்கு வரும் வழியில் இங்கே இறங்கியதாம். பிறகு யுத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தார்கள். கொரோனா வந்து நின்ற விமானம், 2022 டிசம்பரில் மறுபடியும் பறந்தது.

"முந்தி கொழும்பிலை இறங்கி, இரா முழுக்க பஸ்ஸிலை வரவேணும், பிள்ளை" என்றார் பக்கத்து ஆசனத்துப் பாட்டி. சட்டென்று ஜன்னலைக் காட்டினார். "அந்தா, அந்தப் பக்கம்தான் எங்கடை வளவு!"

1990-ல் சுற்றுக் கிராமத்தார் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. எல்லோருக்கும் இன்னும் காணி திரும்பவில்லை. பாட்டி தம் வீட்டு மண்ணை வானத்திலிருந்துதான் பார்க்க முடிகிறது.

ஊருக்குள் நல்லூர்க் கந்தனைத் தரிசித்தோம். 1981-ல் எரிந்து, மீண்டும் எழுந்து நிற்கும் வெள்ளை நூலகத்தைக் கண்டோம். குழல் புட்டின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள், சகோதரிகளே! இறங்கும்போது மட்டும் ஜன்னல் வழியே கொஞ்சம் பாருங்கள். கீழே யாரோ ஒரு பாட்டியின் வளவு இருக்கும்.