பற்சிப்பி மீண்டும் வளராது!

'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். பல் போகவே வேண்டாம் நண்பர்களே, அதன் மேற்பூச்சில் ஒரு சில்லு பெயர்ந்தாலே போதும். நாக்கு நாள் முழுக்க அங்கேதான் போய் நிற்கும்! இது என் அனுபவம்.

இரண்டாண்டுகள் பிரேஸ் அணிந்திருந்தேன். அம்மா தம் சம்பளத்தில் மாதாமாதம் எடுத்து வைத்துக் கட்டிய பணம். வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று பீங்கான் வகையைப் போட்டார்கள். கழற்றிய அன்று இடுக்கியை அழுத்தியதும் 'டக்' என்றொரு சத்தம். மேல் கோரைப்பல்லில் குருணை அளவுக்குப் பெயர்ந்துவிட்டது. மருத்துவர் அந்த இடத்தை ரெசினால் நிரப்பினார்.

"மறுபடியும் வளர்ந்திடும்தானேம்மா?" என்று அம்மா கேட்டார்.

வளராது. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் 'பற்சிப்பி' என்று படித்தோமே, அதுதான் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். ஆனால், அதை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடுகின்றன. முறிந்த எலும்பு கூடும். உடைந்த பற்சிப்பி கூடாது. ஃபுளோரைடு பற்சிப்பியை வலுப்படுத்தும்; பெயர்ந்த சில்லைத் திருப்பித் தராது.

பிரேஸ் ஒட்டுவதற்கு முன் பாஸ்போரிக் அமிலத்தால் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். 1955-இல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காட்டிய வழி இது. அந்த நுண்ணிய துளைகளுக்குள் ரெசின் புகுந்து இறுகிவிடும். கழற்றும்போது ரெசின் பல்லிலேயே தங்கி, பிராக்கெட் மட்டும் விடுபடுவது நல்லது. உலோகப் பிராக்கெட் இடுக்கியில் வளைந்து கொடுத்து விடுபடும். பீங்கான் வளையாது, அதன் வேகம் முழுவதும் பல்லின் மீது இறங்கக்கூடும். பிறகு, மிஞ்சிய ரெசினைச் சிறு சுழல்கருவியால் தேய்த்து எடுக்க வேண்டும். ரெசினும் பல்லும் ஒரே நிறம் என்பதால், அவசரப்பட்டால் பற்சிப்பியும் சேர்ந்தே தேயும்.

இவையெல்லாம் எனக்குப் பின்னரே தெரிய வந்தன. அம்மா கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கழற்றும்போது பல் சேதமடையலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவுக்கு நான் விளக்கியபோது கைகொடுத்தவை தமிழ்ப்பள்ளியில் கற்ற சொற்கள்தாம்.

ஆகவே, பிரேஸ் போடப் போகும் நண்பர்களே, விலையை மட்டும் கேட்காதீர்கள். "எப்படிக் கழற்றுவீர்கள்? என் பல்லில் ஏற்கெனவே விரிசல் உண்டா?" என்றும் கேளுங்கள். மலிவு என்று பதிவு பெறாதவர்களிடம் போகவே வேண்டாம். அவர்கள் பிரேஸ் போடுவது நம் நாட்டில் குற்றம். உடன் வரும் பெற்றோருக்குப் படிவத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லுங்கள். பல் மருத்துவம் பயிலும் தோழர்களே, நாளை உங்கள் முன்னால் ஓர் அம்மா அமர்ந்திருப்பார். அவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்!