கசிவின் பூர்வீகம்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சிக் கெக் எனும் உலோகப் பீப்பாயில் நிரப்புகிறவர்களிடம் ஒரு புலம்பல் வழிவழியாக வருகிறது: நேற்றுவரை கேஜ் நிறையக் காட்டியது, இன்று காலை கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் காலி. பதிலும் தயாராகவே இருக்கும்: கிளாம்பைச் சரியாக முடுக்கியிருக்க மாட்டாய், வாஷரை மாற்று. கசிவென்றால் பூட்டியவரின் கைக்குற்றம் என்ற இந்தத் தீர்ப்பு என்னை வெகுநாளாக உறுத்துகிறது. அத்தனை பேரின் கையுமா ஒரே மாதிரி சொதப்பும்? அந்த வாயு எங்கே போகிறது என்று தேடப் புகுந்தால், பல நேரம் தடம் பாத்திரத்தின் பூர்வீகத்தில்தான் போய் நிற்கிறது என்பது என் கட்சி.

முதலில் சாட்சியை விசாரிப்போம். ரெகுலேட்டரில் சிலிண்டர் பக்கம் பார்த்திருக்கும் கேஜ் இருக்கிறதே, அதைப்போலப் பிடிவாதக்காரச் சாட்சி வேறில்லை. கேட்ட கேள்விக்கு அது பதிலே சொல்லாது. சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. அந்தத் திரவம் கொஞ்சமாவது மிச்சமிருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர, இருப்பைப் பொறுத்ததல்ல. 21 டிகிரி செல்சியஸில் 840 பி.எஸ்.ஐ. வாக்கில் நிற்கும் முள், சிலிண்டரை ஃபிரிட்ஜுக்குள் வைத்ததும் 550 பக்கம் இறங்கும். ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது, வைத்தவர் பதறிவிடுவார். மாறாக, பாதிக்குமேல் தீர்ந்த பிறகும் முள் அசையாது. திரவம் தீர்ந்ததும் மளமளவென்று விழும். ஆக, ராத்திரியோடு ராத்திரியாகக் காலியானது என்பது மட்டும் கசிவுக்குச் சான்றாகாது. ஒழுங்காகச் செலவான சிலிண்டரிலும் முள் கடைசியில்தான் விழும். இருப்பைச் சொல்வது தராசு ஒன்றுதான். வெற்று எடை சிலிண்டரின் கழுத்திலேயே பொறித்திருக்கும்.

தராசு வந்துவிட்டால் கணக்கும் வந்துவிடுகிறது. 19 லிட்டர் கெக்கில் லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயு கரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நொதித்தபோதே தங்கிய பங்கைக் கழித்தால் புதிதாகத் தேவைப்படுவது 60 கிராமை ஒட்டி. 12 பி.எஸ்.ஐ.யில் பீரைத் தள்ளிக் கெக்கைக் காலிசெய்ய இன்னொரு 70 கிராம். ஐந்து பவுண்டு சிலிண்டரில் இருப்பதோ 2,268 கிராம். காற்றை வெளியேற்றக் கொஞ்சம் வீணாகும் என்றாலும் பத்துக் கெக்குக்குமேல் தாங்க வேண்டும். மூன்று நாலிலேயே தீர்ந்தால்தான் நிஜமான கசிவு. இதிலும் ஒரு பொய்ச் சாட்சி உண்டு. புதிதாக நிரப்பிய கெக்கில் வாயுவை அடைத்து வால்வை மூடினால் அழுத்தம் தானாகவே குறையும். பீர் அதைக் குடித்துக்கொள்கிறது. அழுத்தத்துக்கேற்ப வாயு திரவத்தில் கரையும் என்பதை வேதியியலாளர் வில்லியம் ஹென்றி 1803-லேயே சொல்லிவிட்டார். சோதிப்பதென்றால் வெறும் கெக்கில் சோதிக்க வேண்டும்.

நிஜக் கசிவுக்கு எல்லோரும் சொல்லும் வழி, அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றி மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தெளிப்பது. நுரை வந்தால் சரி. எங்குமே வராமல் தராசு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தால்? இந்த முட்டுச்சந்தில்தான் எனக்குச் சுவாரசியம் பிடித்தது. இந்தக் கெக் பீருக்குப் பிறந்ததல்ல. கார்னீலியஸ் கெக் என்று பெயர் பெற்ற அது குளிர்பானக்காரர்களின் பாத்திரம். குழாய் மாட்டும் அமைப்பில், பெப்சி வழி வந்தது பால் லாக், கோக் வழி வந்தது பின் லாக். வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். பிற்பாடு குளிர்பானச் சிரப் அட்டைப்பெட்டிக்குள் வைத்த பிளாஸ்டிக் பைக்கு மாறவும், வேண்டாமென்று ஒதுக்கிய கெக்குகள் மலிவாக வீட்டில் காய்ச்சுகிறவர்கள் கைக்கு வந்தன. மூடியைப் பாருங்கள். நீள்வட்டம், சாய்த்து உள்ளே விட்டுத் திருப்பி, உள்பக்கத்திலிருந்து வாயோடு ஒட்டவைக்க வேண்டும். மேலே இருக்கும் கம்பி நெம்புகோல் மூடியைப் பிடித்து நிறுத்துமே தவிர, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை முழுதாக அமுக்குவது உள்ளிருக்கும் வாயுதான். கலந்து நிரப்பிய சோடா அறைச் சூட்டில் 50 பி.எஸ்.ஐ. அளவுக்குத் தள்ளும், அதற்கு அந்த மூடி கச்சிதம். பீருக்கு வைக்கும் 12-ல் அந்தத் தள்ளுதலில் கால்வாசிகூட இல்லை. இப்போது 30-ல் செய்யும் சோதனையை நினைத்துப் பாருங்கள். ஏற்றிய அழுத்தமே மூடியை இறுக்கிக் கசிவை அடைத்துவிடுகிறது. சோதனை நோயைத் தற்காலிகமாகக் குணப்படுத்திவிட்டு, நோயே இல்லை என்று சான்றிதழும் தருகிறது. அடுத்த முறை மூடியைத் திறந்து மூடி, நேரே 10-ல் வைத்ததும் மறுபடி ஆரம்பம்.

பெரும்பாலான கசிவு குழாய் மூட்டில்தானே, மூடியை ஏன் குறை சொல்கிறாய் என்று கேட்கலாம். மூட்டுக் கசிவு நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது அழுத்தம் ஏற ஏற அதிகமாகும், நுரையில் மாட்டிக்கொள்ளும். ஏற்றினால் மறைவதும் குறைந்த அழுத்தத்தில் வருவதும் மூடிக் கசிவின் குணம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த வேறுபாடுதான். பழைய கெக்கின் இறுகிப்போன ரப்பர்தான் காரணம் என்பது அடுத்த ஆட்சேபம். அதில் பாதி உண்மை. ரப்பர் குளிரில் விறைக்கும். 1986-ல் சாலஞ்சர் விண்கலம் சிதறியதை விசாரித்தபோது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஐஸ் தண்ணீரில் ஓ-ரிங் துண்டை முக்கிக் காட்டியது இதைத்தான். அறைச் சூட்டில் அடைத்த கெக் ஃபிரிட்ஜுக்குள் போனபின் கசிவதற்கு அது ஒரு காரணம். ஆனால் புது ரப்பர் போட்ட புதுக் கெக்கிலும் மூடியின் அமைப்பு அதேதான். உணவுக்கேற்ற கிரீஸ் தடவி, 30-ல் ஒருமுறை அமரவைத்து, பிறகு 12-க்கு இறக்கி, அந்த 12-லேயே சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் சரியான முறை.

இன்னொன்று. சமையல் எரிவாயுவில் கசிவு தெரியவேண்டுமென்றே வாடை சேர்க்கிறார்கள்; கார்பன் டை ஆக்சைடுக்கு அப்படி எதுவும் இல்லை. ஐந்து பவுண்டு சிலிண்டர் மொத்தமும் ஒரேயடியாகத் திறந்துகொண்டால் 1,200 லிட்டருக்குமேல் வாயு வரும். 30 கன மீட்டர் மூடிய அறையில் அது 4 சதவீதம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கோடு போடும் அளவு. மெதுவான கசிவு இப்படிச் சேராது, கலைந்துவிடும். இருந்தாலும் சிலிண்டரை ஜன்னலில்லாத சின்ன அறையில் வைக்காதீர்கள்.