ஒண்ணும் ஆகலை சார்!

என் காலை மிதித்த பாட்டியிடம், ''வாங்க, தாராளமா எடுத்துக்குங்க'' என்று சொன்னவன் நான். சொன்ன இடம் ஸ்லோவாகியாவின் தலைநகரமான ப்ராடிஸ்லாவா. சொன்ன மொழி ஸ்லோவாக். வருடம் 2018. அந்த ஊரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இரண்டு வருஷம் குப்பை கொட்டினேன்.

போன புதிதில் எனக்குத் தெரிந்த ஸ்லோவாக் மூன்றே அயிட்டம்தான். நன்றிக்கு 'ஜாகுயெம்'. தயவுசெய்து என்பதற்கு 'ப்ரோஸீம்'. கடையில் சாமானை நம் கையில் கொடுக்கும்போது சொல்கிற 'ஞெஹ் ஸா பாச்சி'. இந்தாங்க, எடுத்துக்குங்க என்று அர்த்தம். இதை வைத்துக்கொண்டே மூன்று வாரம் ஓட்டிவிட்டேன்.

அன்றைக்கு டான்யூப் நதியின் மேல் பழைய பாலத்தைத் தாண்டி பெட்ர்ஷால்கா போகிற ட்ராமில் நின்றுகொண்டிருந்தேன். பெட்ர்ஷால்கா என்பது, நம்ம ஹவுசிங் போர்டு ஃபிளாட்டுகளை லட்சம் பேருக்கு மேல் குடியிருக்கிற அளவுக்கு ஊதிப் பெரிசாக்கின மாதிரி ஒரு பகுதி. ட்ராம் ஒரு குலுக்கு குலுக்கியது. பக்கத்தில் நின்ற பாட்டி, முட்டைக்கோஸ் பையோடு என் கால் மேல் ஏறிவிட்டார். ''ப்ரெபாச்தியெ!'' என்றார். மன்னிச்சுக்குங்க என்று பொருள். நமக்குக் காதில் விழுந்தது அந்த 'பாச்' மட்டும்தான். உடனே முகமெல்லாம் பல்லாக, கையை வேறு நீட்டி, ''ஞெஹ் ஸா பாச்சி!'' என்றேன்.

பாட்டி என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். அவர் இறங்கவேண்டிய இடம் அதுதானா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து ஸீட் அம்மாளிடம் சொன்னேன். ஐம்பத்தைந்து வயசு, டெபிட்-கிரெடிட்டில் புலி. பெயருக்கு முன்னால் 'இங்.' என்று போட்டிருக்கும். இன்ஜினியர்! ''எந்தப் பாலம் கட்டினீங்க?'' என்று ஒருமுறை கேட்டே விட்டேன். சிரித்தார். அந்த நாட்டில் பொருளாதாரம், வணிகம் என்று முதுநிலை வரை படித்தாலும் 'இன்ஜினியர்' பட்டம்தானாம். எனக்கு அப்போதே எங்கப்பாவுக்கு ஒரு போன் போடவேண்டும் போலிருந்தது. காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

ட்ராம் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணி வர சிரித்த அந்த அம்மாள், பென்சிலை எடுத்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தார்.

''யாராவது 'ப்ரெபாச்தியெ' என்றால் 'தோ ஞிச்' என்று சொல்லு. அது ஒண்ணுமில்லை என்று அர்த்தம். இல்லாவிட்டால் 'ஞெவஜீ'. 'வஜீ' என்றால் இடைஞ்சலாக இருக்கிறது. முன்னால் 'ஞெ' போட்டால் இடைஞ்சல் இல்லை.''

அட, நம்ம பரவாயில்லை! பாரசீகத்து 'பர்வா'வுக்குப் பின்னால் நாம் 'இல்லை' சேர்த்தோம். அவர்கள் இல்லையை முன்னால் மாட்டியிருக்கிறார்கள்.

''சிநேகிதன் என்றால் 'ஃப்பொஹொஜெ' என்று சொல்லலாம். ஜாலிப் பேச்சு. மேனேஜரிடம் சொல்லாதே. எல்லாருக்கும் பொதுவாக, 'ஞிச் ஸா ஞெஸ்தலோ'.''

அப்படியென்றால் 'ஒண்ணும் ஆகலை'. இதை இங்கிலீஷில் சொல்லும்போது 'நத்திங்' போட்டபின் இன்னொரு 'நாட்' போட்டால் வாத்தியார் பிரம்பை எடுப்பார். ஸ்லோவாக்கில் 'ஞிச்' சொன்னபிறகு வினையிலும் 'ஞெ' வந்தே ஆகவேண்டும். நம்ம 'ஒண்ணும்' கூட ஒரு 'லை' இல்லாமல் நிற்காதே! ஞாயிறு, ஞாபகம் என்று எப்போதாவது நாம் வெளியே எடுக்கிற 'ஞ' அங்கே வாயைத் திறந்தால் வருகிறது.

மரியாதையும் நம்ம மாதிரியேதான். சிநேகிதனிடம் 'ப்ரெபாச்', பெரியவரிடம் 'தியெ' சேர்த்து 'ப்ரெபாச்தியெ'. நீ, நீங்க. பன்மைதான் மரியாதை. 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வருவதென்றால் வயசில் பெரியவர்தான் முதலில் சொல்லவேண்டும். சின்னவன் முந்திக்கொண்டால் அதிகப்பிரசங்கி.

''மன்னிக்கிறேன் என்பதற்கு என்ன?'' என்று கேட்டேன்.

''ஒட்பூஷ்த்யாம். ட்ராமில் சொல்லிவிடாதே. ஜெபத்துக்கும் பெரிய சண்டைக்கும் வைத்திருக்கிற வார்த்தை. கால் மிதித்ததற்கெல்லாம் சொன்னால் உன்னைப் பாதிரியார் என்று நினைப்பார்கள்!''

அப்புறம் என்ன? யார் இடித்தாலும் 'ஞிச் ஸா ஞெஸ்தலோ'தான். யாராவது இடிக்கமாட்டார்களா என்று ட்ராமில் வாசல் பக்கமாகவே நின்ற நாட்களும் உண்டு.

அந்த வருஷம் ஒரு மாசக்கடைசி. ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது. சரிபார்த்த இடத்தில் என் பெயர். பத்துப் பேர் முன்னால் மேனேஜர் என்னை நிற்கவைத்துக் கேட்டார். காது சிவந்துபோய் நின்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, பில்லை இரண்டாவது தடவை பதிந்தது பக்கத்து ஸீட் அம்மாள்.

அவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். ''ஓஸ்ப்ரவெட்ல்ஞுயெம் ஸா.'' நாக்கு சுளுக்கிக்கொள்கிற வார்த்தை. முறையாக மன்னிப்புக் கேட்பது. நியாயம் என்ற சொல்தான் அதற்கு வேர்.

நான் ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்காமல், பெருந்தன்மையாக, ''ஞிச் ஸா ஞெஸ்தலோ!'' என்றேன். உச்சரிப்பு பிரமாதம்.

அவர் போகவில்லை. ''ஸ்தலோ ஸா'' என்றார் மெதுவாக.

'ஆச்சு.'

அப்புறம் இங்கிலீஷில் சொன்னார். ''பத்துப் பேர் முன்னால் நீங்கள் தலைகுனிந்து நின்றீர்கள். நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. ஒன்றுமே ஆகவில்லை என்றால், நான் எதற்காக இங்கே வந்து நிற்கிறேன்?''

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எழுந்து நின்றேன். என்ன சொல்வது என்று அவரிடமே கேட்டேன். பாடம் எடுத்தவர்தானே!

''உஷ் யெ தோ ஃப்பொரியாத்கு'' என்றார். 'ஃப்பொரியாத்கு' என்றால் ஒழுங்காக இருக்கிறது, சரி. முன்னால் வருகிற 'உஷ்' சின்ன வார்த்தைதான். ஆனால் அதில்தான் விஷயமே. 'இப்போ' என்று அர்த்தம். இப்போ சரியாயிடுச்சு. அதாவது, முன்னே சரியாக இல்லை, வலித்தது, நீங்கள் வந்து சொன்னதால் சரியாகிவிட்டது.

முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கையைக் கொடுத்தார். ''இனிமேல் என்னை 'நீ' என்றே கூப்பிடு'' என்றார்.

இப்போது எங்கப்பா கதை. 2012-ல் முதல் சம்பளக் கவரை அவர் கையில் கொடுத்தேன். பிரித்து எண்ணிவிட்டு, வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால், ''இன்ஜினியர் பையன்னா இதுல மூணு மடங்கு கொண்டுவந்திருப்பான். நம்மாளு பி.காம்.தானே!'' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஆறு வருஷம் அவர் என்ன கேட்டாலும் ''ம்''தான்.

அந்த மாசக்கடைசிக்கு ஒரு மாசம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை போனில் அவரே ஆரம்பித்தார்.

''அன்னிக்கு உன் சம்பளத்தை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா.''

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ''அதெல்லாம் ஒண்ணுமில்லைப்பா. அம்மாகிட்ட குடுங்க.''

எழுபதை நெருங்குகிற மனுஷர். அந்த ஒரு வரியை எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாரோ! முட்டைக்கோஸ் பாட்டிக்குச் சொல்லவேண்டிய பதிலை அவருக்குச் சொல்லிவிட்டேன். ஆறு வருஷ 'ம்'முக்கு 'ஒண்ணுமில்லை'!

அன்று சாயந்திரம் ஆறு மணிக்குப் போன் போட்டேன். ஊரில் ஒன்பதரை. அப்பாதான் எடுத்தார். இங்கே பி.காம்.காரனும் மேலே படித்தால் இன்ஜினியர்தான் என்று முதலில் சொன்னேன். சிரித்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

''அப்பா, அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு ரொம்ப நாள் வலிச்சுது. போன மாசம் நீங்க அப்படிச் சொன்னீங்க இல்லையா... இப்ப சரியாயிடுச்சுப்பா.''

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, மூச்சு கேட்டது.

''சரி, சரி... இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்'' என்றார்.