நெஞ்சில் வைத்த கை

ஆனிப் பௌர்ணமி. பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் பவனி கிளம்பிவிட்டார். காரைக்கால் மாடிகளிலிருந்து மாங்கனி இறைக்கிறார்கள். அவசரப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேடிக்கை வேறு. நெஞ்சுவலி என்று வருகிறவர்கள் கையை எங்கே, எப்படி வைக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

காலேஜ் பையன் ஒருவன் இடது மார்பில் ஒற்றை விரலை ஊன்றி, "இங்கதான் சார், குத்துது" என்கிறான். அழுத்தினாலும் இருமினாலும் வலிக்கிறது. நேற்று மாம்பழக் கூடைகள் இறக்கினானாம். இப்படி விரல் வைத்துக் காட்ட முடிகிற வலி பெரும்பாலும் தசைவலி. ஆனாலும் இசிஜி எடுக்காமல் விடவில்லை.

அடுத்தவர் ஐம்பதைத் தாண்டியவர். விரல் எங்கும் போகவில்லை. உள்ளங்கையை நடுநெஞ்சில் அப்பி, மெல்ல முஷ்டியாக மடக்குகிறார். அமெரிக்க இதய மருத்துவர் சாமுவேல் லெவின் பெயரால் பாடநூல்களில் இருக்கிற இதயவலி அடையாளம் அது.

"வாயுதாங்க. சோடா குடிச்சா சரியாயிடும்."

குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஏப்பமும் வந்தாயிற்று, பாரம் இறங்கவில்லை. தாடை வலி, இடது கை கனம். மின்விசிறிக்கு நேர்கீழே சட்டை நனைந்து முதுகில் ஒட்டுகிறது.

"எப்போ ஆரம்பிச்சது?"

"இப்பத்தான்..."

மனைவி முந்துகிறார். "ஏழு மணிக்கே நெஞ்சைப் புடிச்சுக்கிட்டாரு சிஸ்டர். சாமி பாத்துட்டுப் போகலாம்னாரு."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தால், நிமிடத்துக்கு நிமிடம் தசை செத்துக்கொண்டிருக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசியை வலி தொடங்கி 12 மணி நேரம் வரை போடலாம்தான். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் கிடைக்கிற பலன் பிறகு கிடைக்காது. வாயுவின்மேல் நம்மவர்களுக்குள்ள விசுவாசம் சாமியின்மேல் உள்ளதற்குக் குறைந்ததில்லை.

இசிஜி தாளைப் பார்த்த டாக்டர், முகம் மாறாமல் ஆஸ்பிரினை நீட்டுகிறார். "முழுங்காதீங்க. மென்னு சாப்பிடுங்க." தள்ளுவண்டி வருகிறது.

மூலைக் கட்டிலில் ஒரு பாட்டி. நெஞ்சில் கையே இல்லை; மேல்வயிற்றைப் பிடித்திருக்கிறார். குமட்டல், மூச்சு வாங்கல், காலையிலிருந்து ஒரே அசதி. பல வருஷச் சர்க்கரை. சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கும், மாரடைப்பு இப்படி வேஷம் மாற்றி வருவது அதிகம். ஒயர்களைக் கொண்டுவரும் நர்ஸைப் பார்த்துப் பாட்டி மிரள்கிறார்.

"எனக்கு நெஞ்சு வலிக்கவே இல்லியே தாயி, இது எதுக்கு?"

"அதனாலதான் ஆயா. ஆடாம படுங்க."