விடுபட்ட ஒரு பெயரடை

கவிதையிலிருந்து பெயரடைகளைக் களைய வேண்டும் என்பதில் நம்மவர்களுக்குள் அநேகமாக அபிப்பிராய பேதம் இல்லை. நானும் நிறையக் களைந்திருக்கிறேன், என்னுடையவற்றிலிருந்தும், கேட்காமலே பிறருடையவற்றிலிருந்தும். ஆனால் ஒரே ஒரு பெயரடை விட்டுப்போனதால் முப்பது வருஷம் உலகத்தின் மேய்ச்சல் நிலங்களும் மீன்பிடி நீர்களும் தவறாக வாசிக்கப்பட்ட சமாசாரம் ஒன்று உண்டு. இலக்கியத்தில் நடந்ததல்ல என்பதால் நம் பத்திரிகைகளில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

1968 டிசம்பரில் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியல் பேராசிரியர் பொதுநிலத்தின் அவலம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலம். ஒருவன் கூடுதலாக ஒரு மாட்டை ஓட்டிவந்தால் அதன் லாபம் முழுக்க அவனுக்கு. புல் குறைவதன் நஷ்டம் எல்லோருக்கும். ஆகவே ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டைச் சேர்ப்பான், நிலம் அழியும். இந்த உதாரணத்தை அவர் எடுத்தது ஆக்ஸ்ஃபோர்டின் பொருளாதாரப் பேராசிரியர் வில்லியம் ஃபார்ஸ்டர் லாய்ட் 1833இல் அச்சிட்ட சொற்பொழிவுகளிலிருந்து. ஹார்டினுடைய உண்மையான கவலை ஜனத்தொகை. பிள்ளை பெறும் சுதந்திரத்தைப் பறிக்க வேண்டும் என்பதுதான் அவர் வந்து சேர்ந்த இடம். அதை வசதியாக மறந்துவிட்டு மாட்டை மட்டும் பொருளாதாரப் பாடப் புத்தகங்கள் வைத்துக்கொண்டன.

பொருளாதாரக்காரர்களுக்கு அது புதிய செய்தியும் அல்ல. 1954இலேயே ஸ்காட் கார்டன் என்ற கனடாக்காரர் மீன்பிடித் தொழிலை எடுத்துக்கொண்டு இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியிருந்தார். கடல் யாருக்கும் சொந்தமில்லை. வரவும் செலவும் சரிக்குச் சரியாகும்வரை படகுகள் வந்துகொண்டே இருக்கும். மிஞ்சியிருக்க வேண்டிய ஆதாயம் கரைந்துபோகும். கணக்கில் பிழை கிடையாது. பிழை அதற்கு முந்திய வாக்கியத்தில் இருக்கிறது. பொது என்றால் கேட்பாரற்றது என்று இருவருமே வைத்துக்கொண்டார்கள். இதற்கு மருந்தாகப் பின்னால் வந்தவர்கள் எழுதிக் கொடுத்தவை இரண்டுதான்: ஒன்று தனிச் சொத்தாக்கு, அல்லது சர்க்கார் கையில் கொடு.

சில வருஷங்களுக்கு முன் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பிக்கும் நண்பர் ஒருவருடன் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். எழுத்தாளர்கள் அங்கே போவது வழக்கமாக டச்சுக் கல்லறைகளைப் பார்க்கத்தான். நாங்களும் பார்த்தோம். பிறகு ஏரிக்கரையில் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், ஏன் இன்று போகவில்லை என்று நண்பர் கேட்டார்.

“இன்னிக்கு எங்க பாடு இல்ல சார்” என்றார்.

பாடு என்றால் நண்பருக்குக் கஷ்டம்தான் தெரியும். இன்று கஷ்டமில்லை என்கிறார் போலிருக்கிறது என்று என் காதில் சொன்னார். நமக்குப் பாடு என்றால் பாடுபடுவது, ‘அவன் பாட்டுக்கு’ என்கிறபோது தனியே ஒதுங்குவது, அப்புறம் பாட்டு. தெற்குக் கடற்கரையில் மீன்பாடு என்றால் அன்று கிடைத்த மீன். பழவேற்காட்டில் அது முறை, இடம், உரிமை மூன்றும் சேர்ந்த ஒரே சொல். முகத்துவாரத்துக்கு அருகில், ஏற்றவற்றத்தோடு இறால் போய்வரும் ஓட்டங்களில் சுத்துவலை கட்டத் தோதான இடங்கள் சில மட்டுமே உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்கள்தான் பழைய பாட்டுக்காரர்கள். எந்த நாள் எந்த ஊருக்கு, ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பது முறைவைத்தும் சீட்டுப்போட்டும் தீர்மானமாகிறது. நல்ல இடம் ஒருவனிடமே தங்காது. கொச்சிக் காயலிலும் இதே பெயரில் இதே ஏற்பாடு இருக்கிறது. இலங்கையிலும் உண்டு.

நண்பர் விடவில்லை. “ராத்திரியில் யாரும் பார்க்காதபோது போய் வலை கட்டினால்?”

“கட்டலாம். ஊர்ல கேப்பாங்க.”

“கேட்டால்?”

“ஊர்க்கட்டுப்பாடு சார், கேட்டா அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு அவர் வலைக்குத் திரும்பிவிட்டார்.

ஹார்டின் கேட்க மறந்த கேள்வியை நண்பர் கேட்டுவிட்டார் என்பது என் எண்ணம். அவருக்கு அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை.

மறுப்புகள் வராமலில்லை. யாருக்கும் உரிமையில்லாத நிலையும், ஒரு குழுவின் பொது உரிமையும் வேறு வேறு என்று சிரியாசி வான்ட்ரப்பும் ரிச்சர்ட் பிஷப்பும் 1975இலேயே எழுதினார்கள். 1990இல் எலினார் ஆஸ்ட்ரம் தம் புத்தகத்தை வெளியிட்டார். துருக்கியில் அலான்யா என்ற ஊரின் மீனவர்கள் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொண்டு, செப்டம்பரிலிருந்து ஜனவரிவரை தினம் ஓர் இடம் கிழக்கே நகர்ந்து, அப்புறம் மேற்கே திரும்புவதை அதில் படித்தபோது எனக்குக் கோட்டைக்குப்பத்து ஆள்களின் நினைவுதான் வந்தது. 1991இல் செபாஸ்டியன் மாத்யூ பழவேற்காட்டுப் பாட்டைப் பற்றியே ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்கு ஓர் ஆய்வு எழுதினார். 2009இல் ஆஸ்ட்ரமுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1998இல், அதே ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில், தன் கட்டுரையின் பெரிய தவறு ‘பொது’ என்பதற்கு முன்னால் ஒரு பெயரடையைப் போடாததுதான் என்று ஹார்டின் ஒப்புக்கொண்டார். அந்த ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் ‘கட்டுப்பாடில்லாத’ என்று சொல்லலாம். பெரியவர் சொன்ன சொல்லும் அதுவேதான், இல்லாமையை எடுத்துவிட்டால்.

இதைவிடச் சங்கடமானது கார்டனின் விஷயம். பழங்குடிச் சமூகங்கள் இந்த ஆபத்தைக் கண்டுகொண்டு தங்களுக்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டன என்று 1954 கட்டுரையிலேயே ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். வரைபடத்தை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டார்கள். மேற்கோள் காட்டுகிறவன் படிப்பதில்லை என்பது நம்முடைய விமர்சன உலகத்தில் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

தனிச் சொத்து என்ற மருந்து என்ன செய்தது என்பதற்கும் இந்தக் கரையோரங்களே சாட்சி. 1990களில் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைக்கு உடைமையாளன் உண்டு, வேலி உண்டு, காவலாள் உண்டு. கழிவுநீர் மட்டும் வேலிக்கு வெளியே போயிற்று. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட வேண்டி வந்தது.

இதோடு நின்றால் பாட்டுக்காரர்கள் ஜெயித்த கதையாகிவிடும். தவறைத் திருத்த வந்தவர்களில் பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். சமத்துவம், ஜனநாயகம், பாரம்பரிய ஞானம் என்றெல்லாம் வார்த்தைகள் வரத் தொடங்கிவிடுகின்றன. பாட்டில் பங்கு தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் பட்டினவர் ஜாதியைச் சேர்ந்த ஆண். அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் சீட்டில் வராது. பரம்பரை மீனவர் அல்லாதவர்களும் ஏரியில் இறங்கிப் பங்கு கேட்டபோது பூசல்தான் வந்தது. இருளர்கள் ஆழமில்லாத நீரில் தவழ்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வலையும் இல்லை, பாடும் இல்லை. எந்தப் பொதுவைப் பற்றிக் கேட்டாலும் யாருடைய பொது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆஸ்ட்ரம் இதை அறியாதவரல்லர். எல்லை வகுக்காத பொது நிலைக்காது என்பது அவருடைய விதிகளில் முதலாவது. ஆனால் எல்லைக்கு வெளியே நிற்கிறவனின் பக்கத்திலிருந்து அந்த விதியைப் படித்தால் அதற்கு வேறு தொனி வருகிறது.

2008இல் சாரா கூல்தார்ட் பழவேற்காட்டைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் தொடுகிறது. ஏரி மாறிக்கொண்டிருக்கிறது. முகத்துவாரம் மணல் மூடி அடைபடுகிறது. வரத்துக் குறைகிறது. அப்போது வேறு பிழைப்புக்குப் போவது பாட்டுக்காரனுக்கே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் பாடு அவனுக்கு வருமானம் மட்டுமல்ல, ஊரில் அவன் யார் என்பதும் அதில் இருக்கிறது. பாட்டை விட்டால் பேரும் போகும்.

நண்பர் இப்போது வகுப்பில் ஹார்டினுக்கு மறுப்பாகப் பழவேற்காட்டைச் சொல்கிறார். அவருடைய மாணவர் ஒருவரின் குறிப்பேட்டைப் பார்க்க வாய்த்தது. ‘பாடு: மீனவர் அனைவருக்கும் சம வாய்ப்பு’ என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. ‘அனைவருக்கும்’ என்பதைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம் போட்டேன், பறியைப் பற்றியும் எழுதி. இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. நான் சொல்வது நியாயம்தான், ஆனால் பாடத்திட்டத்தில் அந்தப் பகுதிக்கு இரண்டு மணி நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.