மூல எழுத்தும் மிகை எழுத்தும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ஆம் ஆண்டு அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனைக்கு, நம் தங்கையின் பேரனைக் கைப்பிடித்து நாம் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறோம். ஏழு வயதுச் சிறுவன், இரத்தப் புற்று.

அவனுக்குரிய மருந்துகளுள் ‘பெகஸ்பார்கேஸ்’ என்பதும் ஒன்று. ஊரில் வேறொரு பிள்ளைக்கு இவ்வினத்து ஊசியை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டதாகக் கேள்விப்பட்டிருந்தோம். இவனுக்கோ இரு வாரங்களுக்கு ஒருமுறைதான். வசதியற்றவர்களென்று மருந்தைக் குறைத்துவிட்டனரோ என ஐயுற்று, அதைத் தங்கையிடமும் சொல்லி அழவைத்தோம். பிழை நம்முடையதே. அரிதாகப் போடப்படுவதே விலை மிகுந்தது என்பதைப் பின்னரே அறிந்து நாணினோம்.

மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். இப்புற்றணுக்கள் அஸ்பராஜின் என்னும் சத்தைத் தாமே போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாதவை, இரத்தத்திலிருந்தே பெறுகின்றன. அச்சத்தைச் சிதைக்கும் நொதியை உடலில் செலுத்தினால் அவை பட்டினியால் மடியும். 1953இல் கினிப்பன்றியின் குருதிநீர் எலிகளின் புற்றை அடக்கக் கண்டதில் தொடங்கிய வரலாறு இது. (பெயரைக் கேட்டுத் தங்கை திடுக்கிட்டாள். அது எலியினப் பிராணி. இன்றைய மருந்தோ நுண்ணுயிரிலிருந்து பெறப்படுவது என்று தேற்றினோம்.)

நுண்ணுயிர் நொதியை உடல் அந்நியமாகக் கருதி விரைவில் அகற்றிவிடும். 1977இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து பிராங்க் டேவிஸ் குழுவினர் இதற்கொரு வழியை வெளியிட்டனர்: பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும், நீரை ஈர்த்து வைத்திருக்கும் செயற்கை இழைகளைப் புரதத்தின்மேல் பிணைப்பது. அப்போர்வைக்குள் இருப்பதை உடலின் காவலர்கள் எளிதில் கண்டுகொள்வதில்லை. ஒரு நாளளவில் பாதியாகிவிடும் நொதி, ஐந்தாறு நாள் தாக்குப்பிடிக்கிறது.

ஆனால் எங்கே பிணைப்பது, எத்தனை இழை, எவ்வளவு நீளம்? இதைக் கேட்டதும் நமக்கு ஸர்பு பாடமே நினைவில் எழுந்தது. ‘கஃபர’ என்னும் மூன்றெழுத்து மூலத்தின் முன் அலிஃப், ஸீன், தா சேர்ந்து ‘இஸ்தக்ஃபர’ ஆகிறது, மூலம் மறைவதில்லை. இழையோ நொதி வினைபுரியும் இடத்தையே மூடிவிட்டால் மருந்து பயனற்றுப்போம். வெள்ளணுக்களைப் பெருக்கும் பெக்ஃபில்கிராஸ்டிமில் 20,000 டால்டன் எடையுள்ள ஒரே இழையைப் புரதத்தின் தொடக்க முனையில், நம் மிகை எழுத்துகளைப் போலவே, முன்னால் வைத்திருக்கின்றனர். பேரனின் மருந்திலோ 5,000 டால்டன் அளவிலான சிற்றிழைகள் பல. சிலருடைய உடல் இவ்விழையையே எதிர்க்கத் தொடங்கிவிடுவதால் அறிஞர்கள் வேறு இழைகளையும் நாடுகின்றனர்.

அன்றிரவே தங்கையிடம் சென்று நம் சொல்லைத் திரும்பப் பெற்றோம். அருகிலிருந்த பேரன், “அப்படியானால் பதினான்கு நாளைக்கு ஊசியே இல்லையா, நன்னா?” என்றான்.

“இந்த ஊசி இல்லை, மற்றவை உண்டு” என்றோம். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.