பத்து கிலோ வேண்டாம், மூணு கிலோ போதும்

தர்மபுரிப் பக்கம் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி ஊர் பேசும் பேச்சு இரண்டே வகைதான். ஒல்லியாக இருந்தால் "வீட்டுல சோறு போடறதில்லையா?" கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டால் "என்ன புள்ள, இப்படி ஊதிட்ட?" இரண்டுக்கும் நடுவில் ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்கும் எடை என்று ஒன்று இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை :-)

பிரச்சினை என்னவென்றால், எடை குறைக்க நினைக்கும் பெண்களில் பலருக்கு இலக்கை வைத்துக் கொடுப்பதும் இந்த ஊர் வாய்தான். "கல்யாணத்துக்குள்ள பத்து கிலோ குறைக்கணும்." ஏன் பத்து? ஏன் எட்டு இல்லை, பதினொன்று இல்லை? யாருக்கும் தெரியாது. பத்து என்பது சொல்ல வசதியான எண், அவ்வளவுதான். முகூர்த்தத் தேதி உடம்பைக் கேட்டுக்கொண்டு குறிக்கப்படுவதில்லை. அதனால் முதல் வாரம் காலை டிபன் கட், இரண்டாவது வாரம் ராத்திரி சோறு கட், மூன்றாவது வாரம் மயக்கம், நான்காவது வாரம் பிரியாணி. எடை பழைய இடத்துக்கே திரும்பும். "என்னால முடியல" என்ற குற்ற உணர்ச்சி மட்டும் இலவச இணைப்பு.

முடியாமல் போனது அந்தப் பெண்ணாலா, அந்தக் கணக்காலா என்பதுதான் கேள்வி.

முதலில் ஊரைக் கொஞ்சம் பார்க்கலாம். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது தர்மபுரி மாவட்டம். 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி தனியாகப் போனது. மழையை நம்பிய மேட்டு நிலம், கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை. பழைய தலைமுறைப் பெண்களுக்குக் கொழுப்பைக் குறைப்பது ஒரு கவலையே இல்லை. வயிறு நிறைவதுதான் கவலை. விடியற்காலையில் கல்லில் ராகி அரைப்பது, தண்ணீர் சுமப்பது, விறகு பொறுக்குவது, காட்டு வேலை. உடம்பில் ஒட்டுவதற்கு மிச்சம் இருந்தால்தானே?

அப்புறம் காலம் மாறியது. 2006-ல் இலவச டிவி. 2011-ல் ரேஷனில் அரிசி இலவசம். அதே வருஷம் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு, டூ வீலர். இதில் எதையும் குறை சொல்ல முடியாது. "அந்தக் காலத்துப் பொம்பளைங்க கல்லுல அரைச்சாங்க, அதான் ஆரோக்கியமா இருந்தாங்க" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கல்லைத் தொடாத ஆண்கள். அந்த வேலை போனது நல்லதே. ஆனால் வேலை குறைந்த அளவுக்குத் தட்டில் இருப்பது மாறவில்லை. மாறியதும் வேறு திசையில் மாறியது. ராகி குறைந்து அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, சர்க்கரை போட்ட டீ ஏறியது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதை எண்ணில் சொல்கிறது. 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21-ல் அது 40.4 சதவீதம். அதே 2019-21 கணக்கெடுப்பில் 53.4 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை! இரண்டையும் கூட்டினால் நூறை நெருங்குகிறது என்பதற்காக இவர்கள் வேறு, அவர்கள் வேறு என்று நினைத்துவிடக் கூடாது. எடை அதிகமாக இருக்கும் பெண்ணுக்கே ரத்தமும் குறைவாக இருக்கலாம். இடுப்பில் கொழுப்பு, நரம்பில் ரத்தமில்லை. அவரிடம் போய் "ராத்திரி சாப்பிடாதே" என்றால் கொழுப்பு போகிறதோ இல்லையோ, இருக்கிற இரும்புச்சத்தும் போய்விடும்.

எடை வேறு, கொழுப்பு வேறு. இதைப் புரிய வைக்க ஒரு சுவையான உதாரணம் இருக்கிறது. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கும் எடைக்குமான பிஎம்ஐ கணக்கில் இருவரும் சரிசமம், 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பிஎம்ஐ, இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. இந்திய உடம்பின் லட்சணம் இது. கை கால் ஒல்லி, வயிற்றில் சேமிப்பு. இதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை, 25-ல் உடல் பருமன் என்று வரம்பைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

சரி, பெண்ணுக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கலாம்? அமெரிக்க உடற்பயிற்சிக் கழகம் ஒன்றின் அட்டவணை உலகம் முழுக்கப் புழங்குகிறது. பெண் உயிர் வாழவே 10 முதல் 13 சதவீதம் கொழுப்பு வேண்டும். ஆணுக்கு அது 2 முதல் 5 தான். விளையாட்டு வீராங்கனைகளுக்கு 14-20, நல்ல பயிற்சியில் இருப்பவர்களுக்கு 21-24, சாதாரணமாக ஏற்கத்தக்கது 25-31, அதற்கு மேல் 32-லிருந்து பருமன். பிள்ளை பெறவும் பாலூட்டவும் பெண் உடம்பு எடுத்து வைத்திருக்கும் இருப்பு இது. எனவே ஜிம்முக்குப் போகும் தம்பிக்கு 15 சதவீதம் என்றால் அக்காவும் 15-க்கு வர வேண்டும் என்பதில்லை. அங்கே வரப் போய் மாதவிலக்கு நின்று போனவர்கள் உண்டு. மாதவிலக்கு நிற்பது உடம்பு அடிக்கும் அபாய மணி. அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரூரிலோ பாலக்கோட்டிலோ இருக்கும் 35 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. பிஎம்ஐ 28.3 வருகிறது. கொழுப்பு 38 சதவீதம் என்று வைத்தால் சுமார் 25.8 கிலோ கொழுப்பு, மிச்சம் 42.2 கிலோ தசை, எலும்பு, தண்ணீர் எல்லாம்.

இவர் போஸ்டரில் வரும் நடிகை மாதிரி 24 சதவீதத்துக்கு வர ஆசைப்படுகிறார். தசை ஒரு கிராம் கூடக் குறையாமல் வெறும் கொழுப்பு மட்டுமே கரைந்தாலும் எடை 55.5 கிலோவுக்கு வர வேண்டும். அதாவது 12.5 கிலோ கொழுப்பு! ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7700 கலோரி. தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோகூட வராது. அதுவும் ஆரம்பத்தில் மட்டும். எடை குறையக் குறைய உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்ளும். ஆக, மூன்று மாதத்தில் 12.5 கிலோ என்பது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. கணக்கே உதைக்கிறது.

அதே பெண் 5 சதவீத எடையைக் குறைக்கிறார் என்று வையுங்கள். 3.4 கிலோ. கொழுப்பு மட்டுமே போனால் 38 சதவீதம் 34.7 ஆகும். கூடவே கொஞ்சம் தசையும் போனால் 36-க்குப் பக்கம் நிற்கும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு அளவு எல்லாம் இறங்க ஆரம்பிப்பது இந்த 5-லிருந்து 10 சதவீதத்தில்தான். அமெரிக்காவில் 2002-ல் வெளியான பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் வைத்த இலக்கே 7 சதவீத எடை, வாரம் 150 நிமிஷ நடை. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

இதைவிடப் பக்கத்தில் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேர். உணவையும் நடையையும் சரி செய்தவர்களுக்கு நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை. எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தால் "வேஸ்ட்" என்று விட்டிருப்பார்கள். உள்ளே நல்லது நடந்துகொண்டிருந்தது.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. 2011-ல் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஒரு எளிய விதி சொன்னது. தினம் 100 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் 4 கிலோ போல இறங்கும். பாதி முதல் வருஷத்தில், கிட்டத்தட்ட முழுதும் மூன்று வருஷத்தில். அந்தக் கணக்கில் அரூர்ப் பெண் தினம் 250 கலோரி குறைத்தால் ஆறேழு மாதத்தில் 3 கிலோவைத் தாண்டலாம். 250 கலோரி எங்கே இருக்கிறது? நாலு டீயில் இரண்டு இரண்டு ஸ்பூன் சர்க்கரை 160 கலோரி. பாதியாக்கினால் 80 மிச்சம். குழம்பிலும் பொரியலிலும் தன் பங்குக்கு வரும் எண்ணெயில் ஒரு மேஜைக் கரண்டி குறைந்தால் 120. சோற்றில் ஒரு பிடி குறைந்தால் 50. யாரும் பட்டினி கிடக்கவில்லை.

"ராகி சாப்பிட்டா இளைச்சிடலாம்" என்ற பேச்சையும் சரி பார்த்துவிடலாம். 100 கிராம் ராகியில் சுமார் 320 கலோரி, அரிசியில் 356. பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு உருண்டை களி உள்ளே போனால் ராகியும் தொப்பை வைக்கும். ஆனால் நார்ச்சத்து ராகியில் 11 கிராம், அரிசியில் 3-க்கும் கீழே. ஒரு உருண்டையிலேயே வயிறு "போதும்" என்று சொல்லும். சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம், அரிசியில் பேருக்குத்தான். 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது நல்ல யோசனை. களியோடு கீரைக் கடைசல், கொள்ளு, அவரை, ஒரு முட்டை சேர்ந்தால் இன்னும் நல்லது. 55 கிலோ பெண்ணுக்கு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது தேசிய உணவூட்டக் கழகம். புரதமும், உட்கார்ந்து எழுவது, பாரம் தூக்குவது மாதிரிப் பயிற்சியும் இல்லாமல் எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் இறங்கும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தசைதான் சம்பளம். அது போனால் எப்படி?

அளப்பதற்குக் காசு கொடுத்துக் கொழுப்பு மெஷின் வாங்க வேண்டியதில்லை. அது லேசான மின்சாரம் அனுப்பி உடம்புத் தண்ணீரை வைத்துக் கொழுப்பை யூகிக்கிறது. காலையில் ஒன்று சொல்லும், சாயங்காலம் வேறு சொல்லும். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் நீர் கோத்து ஒரு கிலோ ஏறிக் காட்டும். தையல்காரர் டேப் போதும். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபின், மாதம் ஒரு தடவை, மாதவிலக்கு முடிந்த வாரத்தில் அளந்து காலண்டரில் எழுதி வைத்தால் போதும். சுமாராக ஒரு கிலோவுக்கு ஒரு செ.மீ. இறங்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை சமையலறையில் இருக்கிறது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது அம்மா. புருஷன், பிள்ளைகள் விட்டது வீணாகக் கூடாது என்று வழித்துப் போட்டுக்கொள்வதும் அம்மா. அவருக்கென்று தனிச் சமையல் எந்த வீட்டிலும் நடக்காது. ஆகவே அவருடைய இலக்கு அவர் ஒருவருடைய இலக்காக இருந்தால் தோற்கும். எண்ணெய் மொத்தக் குடும்பத்துக்கும் குறைய வேண்டும். சாயங்காலம் அரை மணி நேரம் அவர் நடக்கப் போனால் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நாளைக்கு இதைச் செய்ய முடியாத குடும்பத்துக்கு, "நீ ஏன் குறையல?" என்று கேட்கும் உரிமை கிடையாது.

தொடங்கும் முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பது அவசியம். 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். காரணமில்லாமல் எடை ஏறினால் தைராய்டு, மாதவிலக்கு ஒழுங்கில்லை என்றால் சினைப்பை நீர்க்கட்டி, இதெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் பட்டினி டயட் கூடவே கூடாது. சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியதுதான் மக்களைத் தேடி மருத்துவம்.

ஆக, இலக்கு இப்படி இருக்கலாம்: ஆறேழு மாதத்தில் மூன்று கிலோ, இடுப்பில் மூன்று செ.மீ., வாரம் ஐந்து நாள் அரை மணி நடை, டீயில் பாதிச் சர்க்கரை, தினம் ஒரு தடவையாவது பயறு அல்லது முட்டை. அது நின்ற பிறகு அடுத்த மூன்று கிலோ. கேட்பவர்களுக்கு இதில் சுவாரஸ்யம் இருக்காது. அடுத்த கல்யாணத்திலும் யாராவது ஒரு அத்தை "இன்னும் இளைக்கலையே" என்று சொல்லத்தான் செய்வார். அத்தையிடம் டேப் கிடையாது. காலண்டரில் எழுதியிருப்பதும் அவருக்குத் தெரியாது.